கரை தேர்ந்த கலம்: கட்டுமரத்தின் மறைவு குறித்து ஒரு மறுவாசிப்பு

சோழமண்டலக் கரையின் மீன்பிடி வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் எழுதுகிறார்கள். ஆதியில் கட்டுமரம் இருந்தது; 1950களில் விசைப்படகு வந்தது; துறைமுகமும் ஐஸும் ஏற்றுமதியும் பின்தொடர்ந்தன; கட்டுமரம் ஓரங்கட்டப்பட்டு மறைந்தது. இதை வளர்ச்சி என்று கொண்டாடுபவர்களும் இழப்பு என்று வருந்துபவர்களும் வரிசையைப் பற்றி மாறுபடுவதில்லை. ஓர் ஏணியில் கட்டுமரம் முதற்படி, விசைப்படகு அடுத்த படி என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டே பேசுகின்றன. இந்த வரிசை சான்றுகளுக்குப் பொருந்துகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொருந்தவில்லை என்பது என் முடிவு. விசைப்படகு கட்டுமரத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. அது வேறோர் இடத்துக்குப் போயிற்று. கட்டுமரத்தின் இடத்துக்கு வந்தது, விசைப்படகுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பரவிய ஃபைபர் படகு. இந்தக் கால இடைவெளிக்குக் காரணம் மீனவரின் பழமைப் பற்று அன்று, கரையின் இயல்பு. எந்தக் கலம் நிலைக்கும் என்பதை அந்தக் கரைதான் முடிவு செய்தது.

ஏணி எங்கிருந்து வந்தது

சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென ஒரு துறை உருவானது இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், ஃபிரெடெரிக் நிக்கல்சனின் முயற்சியால். அவருக்குப் பின் அத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்கள் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் தவிர்க்க முடியாதது. கரையின் எந்தப் பகுதியில் எத்தனை மரங்களைச் சேர்த்துக் கட்டுகிறார்கள், முன்பக்கம் எப்படிக் குவிகிறது, பாய் எவ்வாறு நிற்கிறது என்பதையெல்லாம் அவர் கவனமாகப் பதிவு செய்தார். நாகப்பட்டினம் பக்கத்தில் கோலா மீன் பிடிக்கப் போகும் ‘கோலா மரம்’ அன்றாடக் கட்டுமரத்தைவிடப் பெரியது, கூடுதல் மரங்களால் ஆனது என்ற விவரம் அவர் வழியாகத்தான் நூலேறியது. அந்த நுணுக்கத்துக்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் 1946இல் வெளிவந்த அவருடைய பெருநூல் நீர்ப்போக்குவரத்தின் ‘தோற்றமும் தொடக்கப் பரிணாமமும்’ பற்றியது. மிதவை, தெப்பம், தோல் படகு, மரப்பட்டை ஓடம், குடைந்த ஓடம், பலகைப் படகு என்று அதன் பொருள் அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அடுக்கில் கட்டுமரம் தெப்பத்தோடு சேர்ந்து தொடக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. வகைப்பாட்டுக்காகச் செய்த அடுக்கு, படிப்பவர் மனத்தில் கால வரிசையாகவும் தர வரிசையாகவும் மாறிவிட்டது. விடுதலைக்குப் பின் வந்த திட்ட ஆவணங்கள் ‘பழமையான கலங்கள்’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டதற்கு இந்தப் பார்வையே பின்புலம்.

இதற்கு எதிரான முதற்சான்று அந்தக் கரையிலேயே கிடந்தது. கட்டுமரம் ஏறிய அதே மணலில் மசூலாப் படகும் ஏறியது. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். துறைமுகம் கட்டப்படும்வரை சென்னைக்கு வந்த கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். கப்பல்களின் சொந்தப் படகுகளால் அந்த அலையைக் கடக்க முடியவில்லை. பலகைப் படகு கட்டத் தெரிந்த ஒரு கரையில், மீன்பிடிப்புக்கு மட்டும் மரங்களைச் சேர்த்துக் கட்டினார்கள் என்றால், அது அறியாமையால் நேர்ந்ததாக இருக்க முடியாது. தெரிந்தவற்றுள் ஒன்றைத் தொழிலுக்கேற்ப எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

அலையும் மரமும்

அந்தத் தேர்வின் காரணத்தைக் கரையில் நின்று பார்க்க வேண்டும். பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை கடற்கரை ஏறக்குறைய நேர்க்கோடாக ஓடுகிறது. ஒதுங்க முனைகளோ குடாக்களோ இல்லை. வங்கக்கடலின் அலை தடையின்றி வந்து, கரைக்குச் சற்று முன்னால் உள்ள மணல்மேட்டில் தட்டி உடைகிறது. தொழிலுக்குப் போகிறவர் அந்த உடையும் இடத்தைப் போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் கடந்தாக வேண்டும். ஆழ்கடலில் எவ்வளவு நன்றாக ஓடினாலும், இந்தச் சில பத்து மீட்டரைக் கடக்க முடியாத படகு இங்கே படகே அன்று.

கட்டுமரம் இந்தச் சில பத்து மீட்டருக்காகவே ஆன கலம். இலேசான மரங்கள் மூன்றோ ஐந்தோ பக்கம் பக்கமாக வைக்கப்பட்டு, முன்னும் பின்னும் கயிற்றால் இறுகக் கட்டப்படுகின்றன. உள்ளே தண்ணீர் நிரம்புவதற்கு ‘உள்’ என்ற ஒன்றே இதில் இல்லை. அலை மேலே விழுந்தால் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டி நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். முழங்கால் ஆழத்தில் மிதக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு மரமாகத் தோளில் தூக்கி மேட்டில் காயப் போடலாம். ஊறிய மரம் கனக்கும் என்பதால் காயப் போடுவது தொழிலின் ஒரு பகுதி. மறுநாள் மீண்டும் கட்ட வேண்டும். துறைமுகமும் வேண்டாம், நங்கூரமும் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் ஊரே மரங்களை மேலேற்றிவிடும்.

கரைக்கும் கலத்துக்கும் உள்ள இந்த உறவைச் சோதித்துப் பார்க்க இயற்கையே ஓர் ஒப்பீட்டைத் தந்திருக்கிறது. கோடியக்கரையைத் தாண்டிப் பாக் நீரிணைக்குள் திரும்பியதும் கடல் ஆழம் குறைந்து அமைதியாகிறது. இலங்கை அலையை மறைக்கிறது. அங்கே தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கங்களில் ஆதிக்கம் செலுத்தியவை வத்தையும் வள்ளமும். இரண்டும் பலகைக் கலங்கள். மேற்குக் கரையிலும் இதே நிலைதான். அலை மூர்க்கமாக உடையும் குமரி, திருவனந்தபுரம் கரைகளில் கட்டுமரம். அதற்கு வடக்கே கடல் சாந்தமாகும் கேரளக் கரையில் குடைந்த வள்ளம். சாதியும் சமயமும் மொழியும் மாறும் எல்லைகளோடு இந்தக் கல எல்லைகள் முழுதாகப் பொருந்துவதில்லை. அலை உடையும் எல்லையோடு பொருந்துகின்றன. பண்பாட்டு மரபே கலத்தைத் தீர்மானித்தது என்ற விளக்கத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது என்றாலும், அலைக்கு அடுத்த இடத்தைத்தான் அதற்குத் தர முடியும்.

விசைப்படகு எங்கே போனது

1953இல் கொல்லத்துக்கு அருகே சக்திகுளங்கரை, நீண்டகரை ஊர்களில் தொடங்கிய இந்தோ–நார்வே திட்டத்தை இந்திய மீன்பிடிப்பின் நவீனத் தொடக்கமாகக் காட்டுவது வழக்கம். மீனவக் குடும்பங்களின் நலமும் உள்ளூர் மக்களின் உணவும் அதன் தொடக்க நோக்கங்கள். அங்கிருந்த கலங்களுக்கு எஞ்சின் பொருத்தும் முயற்சி கைகூடவில்லை. திட்டம் மெல்ல மெல்லப் பெரிய படகுகளுக்கும், அவை தங்குவதற்கான கழிமுகத்துக்கும், அமெரிக்கச் சந்தைக்குப் போகும் இறாலுக்கும் நகர்ந்தது. ஜான் குரியன் 1985இல் எழுதிய ஆய்வு இந்த நகர்வை விரிவாகக் காட்டியிருக்கிறது. அவர் அழுத்தம் தந்தது ஏற்றுமதிச் சந்தையின் இழுப்புக்கு. அதோடு நான் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கிறேன்: மணலில் ஏற முடியாத படகைத் தேர்ந்த கணத்திலேயே, அஷ்டமுடிக் காயலின் வாய் போன்ற இடம் இல்லாத ஊர்கள் அனைத்தும் திட்டத்துக்கு வெளியே போய்விட்டன. சந்தை தீர்மானிப்பதற்கு முன்பே கரை ஒரு பிரிவினையைச் செய்துவிட்டது.

தமிழகத்தின் விசைப்படகுத் தளங்களை வரைபடத்தில் குறித்தால் இது கண்கூடாகும். கடலூரில் உப்பனாறு, பழையாற்றில் கொள்ளிட முகத்துவாரம், நாகப்பட்டினத்தில் கடுவையாறு, சென்னையில் துறைமுகத்தை ஒட்டிய காசிமேடு. பாக் நீரிணைக்குள் இராமேசுவரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம். ஆறும் நீரிணையும் துறைமுகச் சுவரும் அலையை அடக்கித் தந்த இடங்களில்தான் விசைப்படகுகளின் இழுவை மடி பெருகியது. இடைப்பட்ட நூற்றுக்கணக்கான குப்பங்களில் 1990கள் வரை கட்டுமரமே தொழில் செய்தது. வென்ற தொழில்நுட்பம் தோற்றதை அழிக்க வேண்டும் என்ற ஏணிக் கோட்பாட்டால் இந்த நாற்பதாண்டு உடனிருப்பை விளக்க முடியாது.

உடனிருப்பு அமைதியானதாக இருக்கவில்லை. இறால் கரையோரச் சேற்றுப்படுகையில் இருப்பதால், ஆழ்கடலுக்கென்று வாங்கிய விசைப்படகுகள் கட்டுமரக்காரரின் செவுள் வலைகளின்மீதே மடி இழுத்தன. வலை அறுந்தது, கைகலப்பும் தீவைப்பும் உயிரிழப்பும் நேர்ந்தன. 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலை நாட்டுக் கலங்களுக்கு ஒதுக்கியது இந்த மோதல்களின் விளைவு. சட்டம் கடலில் எல்லை வகுத்தது. கரை யாருடையது என்ற கேள்வியை அது தொடவில்லை.

யார் வாரிசு

மணலில் ஏறும் எஞ்சின் படகு ஒன்று வேண்டும் என்பதை மீனவர் மட்டுமன்றி, கூர்ந்து கவனித்த வடிவமைப்பாளர் சிலரும் உணர்ந்திருந்தனர். ஸ்வீடன் நிதியுடன் 1979இல் சென்னையை மையமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளுக்கான மாதிரிகளைப் பல ஆண்டுகள் சோதித்தது. குமரி மாவட்டத்தின் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே 1980களில் உள்ளூர் மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். இம்முயற்சிகளின் தோல்விகளும் பயனுள்ளவை. கடலில் சிறப்பாக ஓடிய மாதிரிகள், ஐந்தாறு பேரால் மணலில் இழுக்க முடியாத கனத்தால் கைவிடப்பட்டன.

இறுதியில் பரவியது ஃபைபர் படகு. அதன் அடிப்பகுதி தட்டையானது, கூடு இலேசானது. உள்ளே நுரை அடைத்த அறைகள் இருப்பதால் கவிழ்ந்தாலும் மூழ்கிவிடாது. இந்தக் கரையில் அதோடு சேர்ந்து வந்த எஞ்சினைக் கவனிக்க வேண்டும்: நீண்ட தண்டின் நுனியில் விசிறி பொருத்திய சிறு டீசல் எஞ்சின். கரை நெருங்கும்போது பின்னால் இருப்பவர் தண்டை அப்படியே தூக்கிவிடுகிறார். விசிறி மணலில் இடிப்பதில்லை. அலை முதுகில் ஏறிய படகு அதன் வேகத்திலேயே மணலில் சறுக்கி ஏறுகிறது. கட்டுமரம் துடுப்பால் செய்ததை இது எஞ்சினால் செய்கிறது. மூழ்காமை, குறைந்த மிதப்பாழம், கரையேறும் திறன் ஆகிய மூன்று நிபந்தனைகளையும் நிறைவேற்றிய பிறகே ஒரு புதிய கலம் கட்டுமரத்தை விலக்க முடிந்தது.

வேறு காரணங்களும் துணை நின்றன. கேரளத்திலிருந்து வந்த இலேசான மரம் கிடைப்பது அரிதாகி விலை ஏறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கட்டுமரங்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. நிவாரணம் பெரும்பாலும் ஃபைபர் படகாக வந்தது, பல இடங்களில் நாலைந்து பேருக்கு ஒன்றாக. கூட்டு உடைமை பல ஊர்களில் நீடிக்கவில்லை. ஆழிப்பேரலையே கட்டுமரத்தை முடித்தது என்று சொல்வோர் உண்டு. அது வேகப்படுத்தியது, தொடங்கிவைக்கவில்லை. மாற்றம் முந்தைய பத்தாண்டிலேயே குப்பங்களில் நடந்துகொண்டிருந்தது.

பாடும் சட்டியும்

கரையேறும் கலமா, துறையில் நிற்கும் கலமா என்ற பிரிவு சமையலறை வரை நீளுகிறது. பொருளியல் ஆய்வுகள் டன் கணக்கோடு நின்றுவிடுவதால் இது கவனிக்கப்படுவதில்லை. கரையேறும் கலம் பெரும்பாலும் அன்றே திரும்புகிறது. பாடு சிறியது, பலவகை கலந்தது. கிழங்கான் ஒரு கை, சாளை ஒரு கூடை, நண்டு நாலு, வஞ்சிரம் கிடைத்தால் ஒன்று. மணலிலேயே ஏலம். இவ்வளவு சிறிய அளவை வாங்கச் சிறு முதல் போதும் என்பதால் கூடை சுமக்கும் பெண்களால் ஏலத்தில் நிற்க முடிகிறது. ஐஸ் படாத மீனைக் கூறு போட்டுத் தெருவில் விற்க முடிகிறது. துறைமுகத்தில் பல நாள் தங்கிப் பிடித்த மீன் பெட்டிப் பெட்டியாக இறங்கும்போது, லாரியும் முன்பணமும் வைத்திருப்பவரே ஏலத்தை நடத்துகிறார்.

இழுவை மடியின் அடியில் சேரும் சிறுமீன் குவியலுக்குச் சங்காயம் என்று பெயர். காரல், சின்னக் கிளாத்தி, குஞ்சு நண்டு, இன்னும் வளராத எத்தனையோ மீன்கள் அதில் நசுங்கிக் கிடக்கும். அது உலர்த்தப்பட்டுக் கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. இதே காரல், செவுள் வலையில் முழுதாக வரும்போது ஏழை வீட்டின் நல்ல உணவு. விரலகல மீன், செதில் உரசி, தலையோரம் கிள்ளி, குடலை அழுத்தி எடுத்தால் போதும், வெட்டுவதே இல்லை. புளியும் மிளகாய்த்தூளும் பூண்டும் கொதித்துப் பச்சை வாடை போன பிறகே மண்சட்டியில் மீனைப் போட வேண்டும். கரண்டி போட்டால் உடையும் என்பதால் சட்டியைத் துணி பிடித்துச் சுழற்றிக் கலக்குவார்கள். முள் நிறைய, சதை கொஞ்சம், குழம்பின் சுவையோ தனி. பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவோடு சேர்த்துக் காரலையும் கொடுப்பது கரையோர வழக்கம். ஒரே மீன் ஒரு கலத்தில் உணவாகவும் இன்னொன்றில் தீவனமாகவும் இறங்குகிறது. கடல் உற்பத்திப் புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே எடை. இந்தச் சமன்பாட்டை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட எந்த வளர்ச்சிக் கணக்கையும் நம்மால் முழுமையானதாகக் கொள்ள இயலாது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடைக்காலத்தில் இது வெளிப்படையாகிறது. துறைமுகங்கள் அடங்கியிருக்கும் அந்த வாரங்களில் கடல்மீன் தேவையில் பெரும்பங்கைத் தாங்குவது நாட்டுப் படகுகள் மணலில் இறக்கும் மீன்.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு: விசைப்படகு இல்லாமல் உற்பத்தி இவ்வளவு பெருகியிருக்காது, அந்நியச் செலாவணி வந்திருக்காது. இது உண்மை. என் வாதம் விசைப்படகு வந்திருக்கக் கூடாது என்பதன்று. அது கட்டுமரத்தின் அடுத்த படி என்று கருதியதால், மணலில் இறங்கும் மீன்பிடிப்பைத் தானாக மறையப்போகும் மிச்சமாகத் திட்டமிடுவோர் நடத்தினார்கள் என்பதே குற்றச்சாட்டு. மறையவில்லை, உருமாறித் தொடர்கிறது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. கட்டுமரத் தொழில் உடலை உடைக்கும். நாள் முழுதும் நனைந்து கிடக்க வேண்டும். அதைப் போற்றுவது வறுமையைப் போற்றுவதாகும். கட்டுமரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று இங்கு வாதிடவில்லை. மீனவரே அதை விட்டுவிட்டார்கள், தக்க காரணத்தோடு. அவர்கள் விடாதது கரையேறும் உரிமையை. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அரசு அகற்ற முனைந்தபோது எழுந்த எதிர்ப்பும், துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்ததும் நினைவில் கொள்ள வேண்டியவை. 2023 ஏப்ரலில் அதே கரையில், நொச்சிக்குப்பத்துச் சாலையோர மீன் விற்பனையை அகற்ற நடவடிக்கை எடுத்தபோது மீண்டும் போராட்டம். இடைப்பட்ட காலத்தில் கட்டுமரம் போய் ஃபைபர் வந்துவிட்டது. கேட்கப்பட்டது அதே மணல்.

மூன்றாவது மறுப்பு மீனவரிடமிருந்தே வருகிறது. இன்று பல குப்பங்கள் சிறு துறைமுகமும், கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவும் கேட்டு மறியல் செய்கின்றன. கரையேறும் மணலுக்காக வாதாடுவது அவர்கள் விருப்பத்துக்கே எதிரானதல்லவா? இதற்கு எளிய பதில் இல்லை. கேட்பவருக்கு மணல் ஏற்கெனவே போய்விட்டது. அவர்களிடம் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் மணல் எதனால் போயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் ஆண்டுக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகத்தால் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் ஒரே வினையின் இரு முகங்கள். புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புச் சுவர்களுக்குப் பின் நகரின் மணற்கரை மறைந்தது. கல் கொட்டிக் காத்ததும் அரிப்பு வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவ ஊர்களுக்கு நகர்ந்தது. ஓர் ஊருக்கு வைக்கும் தூண்டில் வளைவு, வடக்கே அடுத்த ஊரையும் தூண்டில் வளைவு கேட்க வைக்கிறது.

துறைமுகம் அலையிலிருந்து பாதுகாப்பு என்பதும் எல்லா இடத்திலும் மெய்யன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தின் முதலப்பொழியிலும் குமரி மாவட்டத்தின் தேங்காப்பட்டணத்திலும் துறைமுக வாயில் மணல் அடைத்து, அலை அங்கேயே உடைந்து, படகுகள் கவிழ்ந்து பலர் உயிரிழந்திருக்கிறார்கள். திறந்த மணலில் அலை கடுமையானால் நூறு மீட்டர் தள்ளி வேறு இடத்தில் ஏறலாம். கல் சுவர்களுக்கு இடையே வழி ஒன்றுதான். ஆகவே ஒரு துறைமுகத் திட்டத்தின் அறிக்கை எத்தனை படகு நிற்கும், எத்தனை டன் ஐஸ் உற்பத்தியாகும் என்று கணக்கிடும்போது, வடக்கே உள்ள எத்தனை ஊர்களில் எத்தனை படகுகள் இப்போது மணலில் ஏறுகின்றன, அம்மணல் எவ்வளவு தேயும், அங்கே ஏலத்தில் நிற்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும். படகுக்குப் பதிவெண் தருகிறோம். எஞ்சினுக்கு மானியம் தருகிறோம். படகு ஏறும் மணலுக்கு ஊர்வாரியாக ஒரு பதிவேடு வேண்டும். அதைத் தொடங்கப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. எந்த மாதத்தில் எந்த இடத்தில் ஏறலாம் என்பது ஒவ்வொரு ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இன்றே தெரியும்.